தீ தாங்கும் லாக்கருக்குள் ஈரம், பூசண வாடை: பத்திரங்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

நிலாமுற்றம் (கேள்வி)

வணக்கம். எட்டு மாதத்துக்கு முன்பு தீ தாங்கும் சிறிய லாக்கர் ஒன்று வாங்கினேன். வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், என் கல்விச் சான்றிதழ்கள், கொஞ்சம் நகை, அம்மாவுக்கு அப்பா எழுதிய கடிதக் கட்டு, குடும்பப் படங்களை ஏற்றிய பென் டிரைவ் எல்லாம் அதற்குள்தான். காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துப் பூட்டினேன். அப்புறம் திறக்கவே இல்லை.

நேற்று ஒரு சான்றிதழ் தேவைப்பட்டுத் திறந்தால் குப்பென்று பூசண வாடை. உறைகளின் உள்பக்கம் வியர்த்திருக்கிறது. கடிதங்களின் ஓரத்தில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். பத்திரத்தின் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வீட்டில் எங்கும் ஒழுகவில்லை, சுவரில் ஓதமும் இல்லை. லாக்கரில் ஓட்டையா? இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது? மொத்தத்தையும் லேமினேஷன் செய்துவிடலாமா? கை நடுங்குகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூட்டுக்கை

லாக்கர் பழுது பார்க்கிறதுதான் என் வேலை. பயப்படாதீங்க, ஓட்டை எதுவும் இல்லை. அதன் அமைப்பே அப்படி.

ரெண்டு தகட்டுக்கு நடுவில் ஜிப்சம், சிமென்ட் மாதிரி ஒரு கலவையை நிரப்பியிருப்பாங்க. அந்தக் கலவைக்குள்ளேயே தண்ணீர் அடங்கியிருக்கும். தீப்பிடிச்சா அது ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கும். அதனாலதான் உள்ளே காகிதம் கருகாம தப்பிக்குது. ஆனா சாதாரண நாள்லயும் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வரும். கதவு இறுக்கமா மூடுறதால வெளியே போக வழியில்லை. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் திறந்து வைங்க. ஈரத்தை உறிஞ்சுற, நிறம் மாறுற வகை சிலிக்கா ஜெல் பை போடுங்க. அதுவும் ஒருமுறை போட்டா காலத்துக்கும் உழைக்காது, நிறம் மாறினதும் மாத்தணும்.

லாக்கரில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிச்சுப் பாருங்க. வகுப்பு 350 என்று இருந்தா அது பாரன்ஹீட் கணக்கு. குறிச்ச நேரம் வரைக்கும் உள்ளே சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாதுன்னு அர்த்தம். காகிதத்துக்கு அது போதும், பென் டிரைவுக்குப் போதாது. அதுக்கு வகுப்பு 125, அதாவது 52 டிகிரிக்குள்ள நிற்கணும். குறிச்ச நேரம் அரை மணியா, ஒரு மணியான்னும் கவனிங்க.

நகை விஷயம் வேற. தீயைத் தாங்குற பெட்டி திருட்டையும் தாங்கும்னு நினைக்காதீங்க. தகடு மெல்லிசு, சின்னப் பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம். அடியில் தயாரிச்சவங்களே விட்ட துளை இருந்தா தரையோடு போல்ட் போட்டு முடுக்குங்க. இல்லாட்டி நீங்களா துளை போடாதீங்க, தீக்காப்பு கெட்டுப்போகும். மாற்றுச் சாவியைத் தயவுசெய்து லாக்கருக்குள்ளேயே வைக்காதீங்க.

ஏட்டறை

ஆவணக் காப்பகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரத்தையும் பூசணத்தையும் காகிதத்தோடு சேர்த்து ஒட்டிவிடுவீர்கள். பின்னால் பிரிக்கவும் முடியாது. அழுத்து முத்திரையைத் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாமல் போவதால், லேமினேஷன் செய்த மூலத்தை ஏற்காத அலுவலகங்களும் உண்டு.

உங்கள் உறையை மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாடை அடித்தால் அது பி.வி.சி. அதை வளைந்துகொடுக்க வைக்கும் வேதிப்பொருள் கசிந்து அச்சு மையை இளக்கும். எழுத்து உறைக்குத் தாவும். பத்திரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். உறையின் மூன்று பக்க விளிம்பையும் கத்தரித்து, தாளை மேசையில் தட்டையாக வைத்து, பிளாஸ்டிக்கை மட்டும் பின்பக்கமாகச் சுருட்டிச் சுருட்டி எடுங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். இனிமேல் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

கடிதங்களை வெயிலில் காய வைக்காதீர்கள். மை வெளுக்கும், தாள் முறுக்கிக்கொள்ளும். அச்சில்லாத, ஈரம் உறிஞ்சும் வெள்ளைத்தாளை நடுநடுவே வைத்து, மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்போது புள்ளிகளைத் துடைத்தால் இழுபட்டுத் தாளுக்குள் இறங்கும். நன்றாக உலர்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

இது வியர்வை அளவு ஈரம், ஆறப்போட்டால் சரியாகிவிடும். ஆனால் வெள்ளத்திலோ தீயணைக்கும்போதோ முழுதாக நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பூசணம் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாதென்றால் சிறு சிறு கட்டாகப் பையில் போட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வையுங்கள். உறைந்த காகிதம் கெடாது, பிறகு நிதானமாகப் பார்க்கலாம். 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பணியாளர் ஆவணக் காப்பகம் எரிந்து, இராணுவத்தினரின் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் போயின. தப்பியவற்றில் பலவும் தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீரில் ஊறிப்போயின. வெற்றிட அறைகளில் வைத்து உலர்த்தித்தான் அவற்றை மீட்டார்கள். தீக்கு மட்டும் ஏற்பாடு செய்து தண்ணீரை மறந்துவிடுகிறோம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கிழக்குச்சன்னல்

எங்கள் வீடு ஒருமுறை தீப்பற்றியது. வாசல் வரை வந்தவள் சான்றிதழ் கோப்புக்காகத் திரும்ப ஓடினேன். தம்பி கையைப் பிடித்து இழுக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தயவுசெய்து எதற்காகவும் உள்ளே திரும்பாதீர்கள்.

மறுநாள் லாக்கரைப் பார்த்ததும் திறக்கப் போனேன். தீயணைப்பு வீரர் தடுத்தார். உள்ளே சூடு அடங்காமல் திறந்தால் காற்றுப் பட்டதும் காகிதம் பற்றிக்கொள்ளுமாம். முழுக்க ஆறிய பிறகு திறந்தோம். தாள்களின் ஓரம் பழுப்பேறியிருந்தது, படிக்க முடிந்தது. ஹார்டு டிஸ்க் போயே போய்விட்டது. சான்றிதழ்களுக்கு அலைந்து திரிந்து நகல் வாங்கிவிட்டேன். அதிலிருந்த படங்களுக்கு யாரிடம் போய் நகல் கேட்பது?

அதனால் இப்போது என் வீட்டில் ஒரே கணக்கு. எதற்கு நகல் கிடைக்காதோ அதற்குத்தான் முதல் கவனம். நிலாமுற்றம், உங்கள் பத்திரத்தைவிட அந்தக் கடிதங்களுக்குத்தான் நான் பயப்படுவேன். இன்னொன்று, காப்பீட்டுக்குப் பொருட்களின் பட்டியல் கேட்டபோது, அலமாரி, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்து காட்டி முன்பு எடுத்திருந்த ஒரு போன் வீடியோதான் கைகொடுத்தது. அதுவும் தங்கையின் போனில் இருந்ததால் தப்பியது.

மூன்றுபிரதி

பென் டிரைவை நம்ப வேண்டாம். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் கிடந்தால் பதிவு அழியக்கூடும். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். கடிதங்களை 300 டி.பி.ஐ.க்குக் (ஓர் அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். அடையாளச் சான்றுகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு இணையத்தில் ஏற்றுங்கள். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நிலாமுற்றம்

மூன்று வாரம் ஆயிற்று. எல்லோருக்கும் நன்றி. சீட்டில் 350, அரை மணி என்றுதான் இருக்கிறது. பத்திரத்தில் ஒரு வரி மங்கினாலும் படிக்க முடிகிறது. சான்றிதழ்கள் புது உறைக்கு மாறிவிட்டன. ஞாயிறுதோறும் லாக்கரைத் திறந்து வைக்கிறேன். படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன, ஒன்று அண்ணன் வீட்டில். கடிதங்களில் நாற்பதுக்கு முப்பத்தொன்பது உலர்ந்து ஸ்கேனும் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் நான்காக மடித்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊற்றுப்பேனா மை. நான் தொடவில்லை. ஏட்டறை அக்கா, அதை என்ன செய்யட்டும்?

ஏட்டறை

தொடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய உதவி. ஊற்றுப்பேனா மை தண்ணீரில் கரையும். நீராவி காட்டிப் பிரிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே மடிப்போடு வைத்து, காகிதச் சீரமைப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை லாக்கருக்குள் வேண்டாம், காற்றோட்டமுள்ள அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்.