கவிழ்ந்த பிறகு ஓடும் ஆறு நிமிடம்: கடல் கயாக் அனுபவப் பகிர்வு

வாடைக்காற்று:

வேல்ஸின் ஆங்கில்சி தீவு, பென்ரின் மாவ்ர் முனை. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். கடலேற்ற நீரோட்டம் வடக்கே ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம், எதிரே போஃபர்ட் காற்று அளவில் 4, வடமேற்குக் காற்று. போனவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. போர்த் டாவார்க்கில் இறங்கிய கிளப் படகுகள் ஏழு.

பாறைக்குப் பின்னாலிருந்த எடியை (ஓட்டத்துக்கு எதிராகச் சுழன்று திரும்பும் நீர்) விட்டு நாலாவது படகு ஓட்டத்துக்குள் நுழையும்போது, ஓட்டுபவர் சரியாக இரண்டு நீரும் உரசும் எடிக் கோட்டின் மேலேயே துடுப்பை நிறுத்திவிட்டார். எதிரோட்டப் பக்கமாகக் கவிழ்ந்தது. அந்தப் பக்க விளிம்பைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் ஓட்டம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், தெரிந்த கதைதான். படகுக்குள் இருந்தபடியே நிமிர இரண்டு முறை ரோல் போட்டார், வரவில்லை. வெளியே வந்துவிட்டார். அதுவும் தெரிந்த கதை.

உறுத்துவது அடுத்து நடந்தது. டி-ரெஸ்க்யூவில், அதாவது கவிழ்ந்த படகை மீட்பவர் படகின் குறுக்கே இழுத்து வடிக்கும் முறையில், மூக்கைத் தூக்கி டெக்மேல் (படகின் மேல்தளம்) இழுத்தால் ஐந்தாறு நொடியில் காக்பிட் (உட்காரும் குழி) தண்ணீர் கொட்டிவிட வேண்டும். கொட்டவில்லை. இழுக்க இழுக்க மூக்கு மேலே, வால் கீழே. கடைசியில் ஐந்து மீட்டர் படகு கொடிமரம் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. எட்டிப் பார்த்தால், பின் ஹேட்சின் (சாமான் அறை வாய்) ரப்பர் மூடி தன் கயிற்று நுனியில் தண்ணீருக்குள் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் குமிழி குமிழியாகக் காற்று.

கவிழ்ந்ததிலிருந்து நீந்தியவர் ஒரு டெக்மேல் ஏறும்வரை ஆறு நிமிடம். 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) ஓட்டத்தில் அது 740 மீட்டர். கரையில் எல்லா மூடியும் தட்டிப் பார்க்கப்பட்டது. தட்டிப் பார்த்த மூடி எப்படிக் கழலும்?


நீவாடு:

தட்டிப் பார்த்ததுதான் கோளாறு. ரப்பர் மூடியைத் தட்டக் கூடாது, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவ வேண்டும்.

இதே கூத்து வேறொரு படகில் கரையிலேயே கண்ணில் பட்டது. கார் கூரையில் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்த படகு. இறக்கி வைத்தபோது பின் மூடி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி நின்றது. உள்ளே சூடான காற்று விரிந்து மூடியைத் தள்ளுகிறது, விளிம்பில் எங்கோ நாலு விரல் நீளத்துக்கு உதடு பள்ளத்தைவிட்டு எகிறிவிடும். படகைத் தண்ணீரில் போட்டதும் காற்று சுருங்கி மூடி தட்டையாகப் படுத்துக்கொள்ளும். பார்த்தால் கச்சிதம், தட்டினால் கச்சிதம். ஆனால் அந்த நாலு விரல் பள்ளத்துக்குள் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. 90 லிட்டர் அறைக்குள் 35 டிகிரிக் காற்று 12 டிகிரிக்கு இறங்கினால் ஆறு லிட்டருக்கு மேல் சுருங்கும். அந்த உறிஞ்சல் அலைத் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

இதற்காகத்தான் அறைச் சுவரில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஊசித்துளை விடுவார்கள். அழுத்தம் அதன் வழியே சமன் ஆகும். மணல், உப்பு, பழுது பார்த்த பசை எது அடைத்தாலும் போச்சு. சோதிக்க, மூடியைப் போட்டுவிட்டு அதன் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நொடிக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கொடுத்தால் துளை திறந்திருக்கிறது. பந்து மாதிரி திருப்பித் தள்ளிக்கொண்டே இருந்தால் அடைத்திருக்கிறது.

இரண்டாவது, காலி அறையோடு கடலுக்குப் போகாதீர்கள். உள்ளே காற்றுப் பையோ, காற்றோடு கட்டிய உலர்பைகளோ இருந்தால் மூடி போனாலும் படகு கொடிமரம் ஆகாது. ஒருநாள் பயணத்தில் பின்னறை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அதனாலேயே ஒருநாள் பயணத்தில்தான் இது நடக்கும்.


எடிக்கோடு:

நீவாடு சொன்னது பௌதிகப் பாடம், சரி. ஆறு நிமிடத்துக்குக் காரணம் மூடி இல்லை நண்பர்களே. வாடைக்காற்று அவர்களே எழுதியிருக்கிறாரே, "இழுக்க இழுக்க" என்று. முதல் இழுப்பில் தண்ணீர் கொட்டாதபோதே படகை விட்டிருக்க வேண்டும்.

வரிசை ஆள், பிறகு படகு, பிறகு துடுப்பு. குளிர்ந்த நீருக்கு 1-10-1 கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்: மூச்சை அடக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். உலர் சூட் (நீர் புகாத உடை) போட்டிருந்தாலும் விரல்களுக்கு அந்த நடுப் பத்துதான். அதில் ஆறைக் கொடிமரத்துக்குத் தானம் செய்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. நீந்தியவர் உடனே இன்னொரு படகின் பின் டெக்மேல் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி இருபக்கமும் தொங்கவிட வேண்டும். கால் தண்ணீரில் இழுபட்டாலும் நெஞ்சு மேலே இருக்கும், படகும் தள்ளாடாது. இரண்டு பேராக அவரை எடிக்குள் கொண்டுபோய்விடலாம். நிரம்பிய படகை இன்னும் இரண்டு பேர் பார்க்கட்டும், மூக்குப் பக்கம் போகாமல் நேராக வால் பக்கம் போக வேண்டும். நிரம்பிய முனையைத்தான் தூக்கிக் குறுக்கே போட வேண்டும். மொத்தமாகத் தூக்க முடியாது, உள்ளே 80 லிட்டர் என்றால் 80 கிலோ. ஒருக்களித்துச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்க வேண்டும், மிச்சத்துக்குக் கைப்பம்பு. மூடியைத் திரும்பப் போடுவதற்கு முன் விளிம்புப் பள்ளத்தை விரலால் துடையுங்கள், ஒரு மணல் துகள் போதும்.

ரேஸின் (ஓட்டம் கொந்தளிக்கும் இடம்) நடுவில் இவ்வளவும் நடக்காது என்பீர்கள். நடக்காது. அதனால்தான் ரேஸ் முடியும் இடத்தில் ஒரு படகை முன்கூட்டியே நிறுத்துவது. ஏழு படகும் ஒரே எடியில் வரிசையாக நின்றதா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே.


சாங்கித் துடுப்பு:

இங்கே சிங்கப்பூரில் தண்ணீர் 28 டிகிரிக்கு மேல், குளிர் பிரச்சினை கிடையாது. எங்களுக்குப் பயம் சுமத்ரா ஸ்குவால், திடீர்ப் புயல்காற்றும் மழையும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, மேற்கிலிருந்து ஒரு வரிசையாக வரும்.

சாங்கியிலிருந்து புலாவ் உபினுக்குக் கடக்கும்போது ஒரு கிளப் குழு மாட்டியது. பத்துப் படகு, பாதிப் பேர் புதியவர்கள். மழைக்கு இரண்டு நிமிடம் முன்பே காதோரம் ஐஸ் பெட்டியைத் திறந்தது போல ஒரு குளிர்காற்று. திரும்பிப் பார்த்தால் மேற்கே கரை இல்லை, வெள்ளைச் சுவர். எதிரே உபினும் இல்லை. பம்போட் (பயணிகள் மோட்டார் படகு) ஒன்றின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பத்துப் பேரையும் உடனே ராஃப்ட் கட்ட வைத்தார்கள், அதாவது படகுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, பக்கத்துப் படகின் டெக் கயிற்றைப் பிடித்து, துடுப்புகளை மடியில் குறுக்கே வைத்து. ஒருவர்கூடக் கவிழவில்லை. 20 நிமிடத்தில் அடங்கியது. ராஃப்ட்தான் காப்பாற்றியது.


ஓதம்5090:

சாங்கித் துடுப்பு சார், மன்னிக்கணும். ராஃப்ட் காப்பாற்றவில்லை, ஸ்குவால் சீக்கிரம் முடிந்தது காப்பாற்றியது.

ராஃப்ட் கட்டினால் கவிழாது, உண்மை. ஆனால் அது காற்றுக்கு ஒரு பாய்மரம், துடுப்புப் போட ஒரு கையும் மிச்சமிருக்காது. காற்று கரையை நோக்கி அடித்தால் பரவாயில்லை. கரையிலிருந்து கடலுக்கு அடித்தால்? 1993 மார்ச் 22, இங்கிலாந்தின் லைம் பே, பள்ளிப் பிள்ளைகளின் கயாக் பயணம். ஒருவர் திரும்பத் திரும்பக் கவிழ, ஒரு பயிற்சியாளர் அவரோடு நிற்க, மற்றவர்கள் ராஃப்டாகப் பிடித்துக்கொண்டே காற்றோடு வெளியே போனார்கள். நாலு பதின்வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். 1995இல் பிரிட்டன் தனிச் சட்டமே போட்டது, சிறுவர்களுக்கான சாகச மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று.

அலை ஒரு மீட்டர் தாண்டிவிட்டால் ராஃப்டில் இன்னொரு தொல்லை, இரண்டு விளிம்புக்கு நடுவே விரல் மாட்டி நசுங்கும். அதைவிட இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, திறமையானவர் ஒருவர், புதியவர் ஒருவர், மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்து மெதுவாகத் துடுப்புப் போட்டு நின்ற இடத்திலேயே நிற்பது மேல். புதியவர்கள் கவிழ்வார்கள், எழுப்பிக்கொள்ளலாம்.

எடிக்கோடு பேசிய பென்ரின் மாவ்ர் பற்றியும் ஒன்று. பென்ரின் மாவ்ரில் ஏற்றம் தொடங்கி இரண்டு மணி நேரம் என்றால் 50/90 கணக்குப்படி ஓட்டம் அதிகபட்ச வேகத்தின் 90 விழுக்காட்டை எட்டிவிட்டது. முதல் மணி முடிவில் 50, இரண்டாம் மணி முடிவில் 90, மூன்றாவது மணியில் முழுசு. புதியவர்களோடு இரண்டாம் மணியில் நுழைவது என்றால், ஒவ்வொரு பத்து நிமிடமும் கடல் இன்னும் மோசமாகும் என்று தெரிந்தே நுழைவது. ஓட்டம் அடங்கிக்கொண்டு வரும் கடைசி இரண்டு மணி நேரத்தில் போயிருக்கலாம்.


சாங்கித் துடுப்பு:

பாதிப் பேர் புதியவர்களாக இருக்கும் பத்துப் பேரை வெள்ளைச் சுவருக்குள் இரண்டு இரண்டாகப் பிரித்து விடச் சொல்கிறீர்கள். எதிரே இருப்பவர் முகமே தெரியாதபோது யார் கவிழ்ந்தார் என்று யார் எண்ணுவது? பம்போட் ஓட்டும் தடத்தில் பத்துப் படகு ஒரே புள்ளியாக இருப்பது நல்லதா, ஐந்து புள்ளியாக இருப்பது நல்லதா? லைம் பே குளிர்ந்த நீர், திறந்த கடல், வெளியே அடித்த காற்று. உபின் கால்வாயில் கணக்கு வேறு. காற்று வெளியே அடித்தால் ராஃப்ட் கூடாது, அதில் மட்டும் நீங்கள் சொன்னது சரி.


கயிற்றுக்காரன்:

நிரம்பிய படகை டோ செய்து (கயிறு கட்டி இழுத்து) கரைக்குக் கொண்டுவந்தபோது நடந்தது ஒன்று. பின்னாலிருந்து அலை, 10 மீட்டர் கயிறு. இழுபட்ட படகு ஒரு அலைமேல் சறுக்கி வந்து, இழுப்பவர் முதுகுக்கு ஒரு முழம் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவ்வளவுதான் கதை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டோ பெல்ட்டை வாங்கி இடுப்பில் கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். பின்னாலிருந்து அலை வரும்போது 15 மீட்டருக்குக் குறையாமல் கயிறு விடுங்கள். இழுப்பவரும் இழுபடுபவரும் ஒரே சமயத்தில் அலை முகட்டில் ஏறும்படி நீளத்தைச் சரிசெய்தால் கயிறு வெட்டி வெட்டி இழுக்காது. கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைக்காதீர்கள், பையின் கழுத்துவரை அப்படியே திணியுங்கள். சுருட்டினால் வெளியே வரும்போது முடிச்சாகத்தான் வரும். கொக்கியைப் படகின் டெக் கயிற்றில் மூக்கை ஒட்டி மாட்டுங்கள். கொக்கியின் வாய் மேல்நோக்கி இருக்கட்டும், கீழ்நோக்கி இருந்தால் டெக்கில் உரசித் தானே திறக்கும். கொக்கிக்கு அருகில் ஒரு சிறு மிதவை இருந்தால் கை தவறி விழுந்தாலும் தேடி எடுக்கலாம்.

விடுவிப்புப் பட்டை முக்கியம். பெல்ட்டின் மீந்த வாலை அழகாக மடித்துச் செருகுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சாவு. அவசரத்தில் பெல்ட்டை விடுவிக்கும் பந்தை இழுத்தால் பக்கிள் திறக்கும், செருகிய வால் பிடித்துக்கொள்ளும். வாலை வெட்டிவிடுங்கள் அல்லது தொங்கவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் பாக்கெட் பந்தை மூடுகிறதா என்றும் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது, கயிறு இறுக்கமாக இருக்கும்போதே இழுத்துத் திறந்து பாருங்கள். கரையில் தளர்வாக இருக்கும்போது திறப்பது கணக்கில் சேராது.

கடல்நோய் வந்தவரைத் தனியாக டோ செய்யாதீர்கள். குனிந்து வாந்தி எடுக்கும்போதே கவிழ்வார். பக்கத்தில் ஒருவர் அவர் டெக்கைப் பிடித்துக்கொண்டு வர, முன்னால் ஒருவர் இரண்டு படகையும் சேர்த்து இழுக்க வேண்டும்.


ஈரச்சட்டை:

ரோஸ்நெய்கர் மணல் கரை, அலைக்குள் இறங்கும் பயிற்சி. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. ஓட்டியவர் கவிழாமல் இருக்க ஹை ப்ரேஸ் (துடுப்பை உயர்த்திப் பிடித்து நீரில் ஊன்றுவது) போட்டார், கையை முழுசாக நீட்டி, மணிக்கட்டு தலைக்கு மேலே. அலை துடுப்பை இழுத்த சத்தம் கேட்கவில்லை, தோள் கழன்ற சத்தம் கேட்டது. உலர்ந்த குச்சியை முறித்த மாதிரி.

முழங்கை விலா எலும்பை ஒட்டி இருக்கட்டும், கை தோளுக்கு மேலே போகவே கூடாது. முடிந்தவரை லோ ப்ரேஸ், துடுப்பைத் தாழ்த்திப் பிடித்து ஊன்றுவது. அலையை விட்டு விலகாமல் அதன்மேலேயே சாயுங்கள். கவிழ்ந்து வெளியே வந்தால் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள், தண்ணீர் நிரம்பிய படகு முழங்காலைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.


வாடைக்காற்று:

எடிக்கோடு கேட்டதற்குப் பதில்: ஏழும் ஒரே எடியில்தான் நின்றன. ரேஸ் முடியும் இடத்தில் யாரும் இல்லை.

நீவாடு, நேற்று அந்தப் படகைத் திறந்து பார்த்தோம். பின் மூடியை உள்ளங்கையால் அழுத்தினால் பந்து மாதிரித் திருப்பித் தள்ளுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், இருக்கைக்குப் பின்சுவரில் துளை இருந்த இடத்தில் வெள்ளை சிலிகான், கட்டைவிரல் நகம் அளவுக்கு. யாரோ "ஓட்டை" என்று நினைத்து அடைத்திருக்கிறார்கள். ஊசியால் கிளறி எடுத்துவிட்டோம். கிளப்பின் மற்றப் படகுகளையும் பார்த்ததில் இன்னும் இரண்டில் அதே வெள்ளை சிலிகான்.