அஷ்ராவி மேசையில் அமர்ந்தாரா, இல்லையா?

கடலோடி:
பாலஸ்தீனப் பெண்களைச் சமாதானப் பேச்சில் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று நேற்று ஒருவர் இங்கே நீண்ட பதிவு எழுதியிருந்தார். எரிச்சல்தான் வந்தது. புதிதாகச் சேர்க்க என்ன இருக்கிறது? இஸ்ரேலோடு சமாதானம் பேச 1991இல் கூடிய மாட்ரிட் மாநாட்டிலேயே பாலஸ்தீனத் தரப்பில் ஹனான் அஷ்ராவி என்ற பெண் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தார், உலகமே பார்த்தது. அங்கே நிலமே பறிபோகிறது, இவர்கள் நாற்காலியை எண்ணுகிறார்கள்.

குறிஞ்சி:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மத்ரித்தில் அஷ்ராவி மேசையில் அமரவில்லை. அவர் குழுவின் செய்தித் தொடர்பாளர். ஜோர்தானுடன் கூட்டாகப் போன குழுவில் பாலஸ்தீனப் பிரதிநிதிகள் 14 பேர். பதினான்கும் ஆண்கள். பி.எல்.ஓ. என்ற பாலஸ்தீன விடுதலை இயக்கத்தினரும் கிழக்கு ஜெருசலேம்காரர்களும் வரக்கூடாது என்று இஸ்ரேல் நிபந்தனை போட்டதால், ஃபைசல் ஹுசைனி தலைமையில் தனி ஆலோசனைக் குழு போனது. அஷ்ராவி இருந்தது அதில்.

கடலோடி:
அண்ணன் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அன்று கண்ணால் பார்த்தவன் நான். காஸா மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி வாசித்த உரையில் அஷ்ராவியின் கை இருந்தது ஊரறிந்த செய்தி. உரை எழுதியவர் மேசையில் இல்லை என்றால் யார்தான் இருந்தார்கள்? அது மத்ரித் அல்ல, மாட்ரிட்.

தராசு:
இருவரும் முதலில் "பங்கேற்பு" என்றால் என்னவென்று சொல்லுங்கள். பிரதிநிதியாக இருப்பதா, ஆலோசனை சொல்வதா? ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000இல் வந்ததே சமாதானப் பேச்சில் பெண்களின் பங்கேற்பைப் பேசத்தான்.

குறிஞ்சி:
தீர்மானம் இருக்கட்டும். கடலோடி ஐயா, அடுப்படியில் சமைத்தவளைப் பந்தியில் உட்கார்ந்தவளாகக் கணக்குக் காட்டாதீர்கள். உரையை எழுதலாம், வாசலில் நின்று செய்தியாளர்களிடம் பேசலாம், உள்ளே நாற்காலி மட்டும் கிடையாது. என் பதிவு முழுக்க அதைத்தான் சொன்னது.

1987இல் இஸ்ரேல் ஆக்கிரமிப்புக்கு எதிராக இன்டிஃபாதா என்ற மக்கள் எழுச்சி வெடித்தபோது என்ன நடந்தது? மேற்குக் கரையில் இஸ்ரேல் இராணுவம் பள்ளிகளை மூடியது. பெண்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். இஸ்ரேல் பொருள் வேண்டாம் என்று கூட்டுறவு அமைத்து ஊறுகாயும் பிஸ்கட்டும் செய்தார்கள். 1988 ஆகஸ்டில் இப்படி வேலை செய்த மக்கள் குழுக்களையே இஸ்ரேல் தடை செய்தது, அப்போதும் பெண்கள் விடவில்லை. அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் மத்ரித்துக்கு யார் அழைத்திருப்பார்கள்?

பிறகு 1993, ஒஸ்லோ. மத்ரித்துக்குப் பிறகு வாஷிங்டனில் பேசிக்கொண்டிருந்த பாலஸ்தீனக் குழுவை ஒதுக்கிவிட்டு, நார்வேயில் பி.எல்.ஓ.வும் இஸ்ரேலும் இரகசியமாகப் பேசினார்கள். பாலஸ்தீனத் தரப்பில் அபு அலா, ஹசன் அஸ்ஃபூர்; ஒரு பெண்கூட இல்லை. நடுவர்களாக நின்ற நார்வேக்காரர்களில் மோனா யூல் என்ற பெண் இருந்தார், கவனியுங்கள். பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேலியர் குடியேற்றம், ஜெருசலேம், அகதிகள் மூன்றையும் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். இந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் ஆக்கிரமிப்பின் கீழ் வாழாதவர்கள் என்று விமர்சித்தவரே அஷ்ராவிதான். நீங்கள் சாட்சிக்கு அழைத்த அதே அஷ்ராவி!

கடலோடி:
சாட்சி அழைத்தேன், சரிதான். மேசையில் இருந்தவரைத்தான் அழைத்தேன். வாஷிங்டன் குழுவில் கட்டடக் கலைஞர் சுவாத் அமிரி இருந்ததை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? இஸ்ரேல் தரப்பில் 2013-14 பேச்சுக்குத் தலைமை தாங்கிய ட்சிப்பி லிவ்னியும் பெண்தான். ஒரு குடியேற்றமாவது நின்றதா?

நெய்தல்நிலத்தான்:
நார்வே என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. இலங்கையில் 2002இல் வந்தவர்களும் அவர்கள்தானே. பெண்கள் விவகாரத்துக்கென்று துணைக்குழுவும் அமைத்தார்கள். 2003இல் பேச்சே நின்றுபோயிற்று. பெண்களைச் சேர்த்தால் சமாதானம் வரும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

குறிஞ்சி:
அது துணைக்குழு, மேசை அல்ல! பேச்சு முறிந்ததற்கு அந்தப் பெண்களா காரணம்? சுவாத் அமிரியை நான் மறுக்கவில்லை, அவர் வாஷிங்டன். கேட்டது மத்ரித். லிவ்னி ஆக்கிரமிக்கும் அரசின் அமைச்சர். சோதனைச் சாவடியில் பிரசவ வலியோடு காத்துக் கிடந்தவளின் பிரதிநிதி அல்ல. கடலோடி ஐயா முன்பு இங்கே நடந்த சூயஸ் கால்வாய் விவாதத்திலும் இப்படித்தான் ஆண்டைத் தப்பாகச் சொல்லிவிட்டுக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கடலோடி:
சூயஸை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னதே சரி, அன்றும் இன்றும். மாட்ரிட் என்றுகூட எழுதத் தெரியாதவர் எனக்கு வரலாறு சொல்ல வேண்டாம்.

குறிஞ்சி:
ஸ்பானியர்கள் உச்சரிப்பதைத்தான் எழுதுகிறேன். 2006 தேர்தலில் பாலஸ்தீனச் சட்டமன்றத்தின் 132 இடங்களில் 17 பெண்கள் வென்றார்கள். வாக்குக் கேட்டு ஜெயிக்கத் தெரிந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றிப் பேச மட்டும் தெரியாதா? அதை விடுங்கள். மத்ரித் போன அந்த 14 பேரில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள்.

தராசு:
பங்கேற்பு என்றால் என்னவென்று இன்னும் இருவருமே சொல்லவில்லை.

கடலோடி:
அவர் அங்கே இருந்தார். நான் பார்த்தேன்.

குறிஞ்சி:
பெயரைச் சொல்லுங்கள்.