தனியாளாகக் கரீபியன் டைவ்: கூட முங்கப்போவது யார்?

வேலை டெக்ஸஸில். கணவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, மகளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை. அதனால் ஸ்கூபா என்று கிளம்பினால் நான் தனிதான். கரீபியனில் எந்தத் தீவுக்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம், தீவை அப்புறம் பார்க்கலாம், முதலில் ‘பட்டி’ யார் என்று பாருங்கள் என்பேன். நம் ஊர் ஆட்டுப்பட்டி இல்லை. டைவர்கள் பேச்சில் பட்டி என்றால் கூடவே முங்கி, கூடவே மேலே வருகிற ஆள்.

முதல் தடவை போனது மெக்ஸிகோவின் கொசுமெல். அங்கே எல்லாம் நீரோட்டம்தான். படகு ஓரிடத்தில் இறக்கிவிடும். ஓட்டம் நம்மைப் பவளச் சுவரை ஒட்டித் தள்ளிக்கொண்டே போகும். படகு மேலே குமிழிகளைப் பார்த்துப் பின்னாலேயே வந்து வேறோர் இடத்தில் ஏற்றிக்கொள்ளும். காலை அசைக்கவே வேண்டாம், தேரில் உட்கார்ந்து வீதி பார்க்கிற மாதிரி. படகில் எப்படியும் நாலு பேரைச் சேர்த்துத்தான் கூட்டிப்போவார்கள் என்பதால் தனியாளுக்குச் சிக்கனம் என்று நினைத்துப் போனேன்.

கடையின் பெயர் வேண்டாம். படகு கிளம்பிய பிறகு, “நீங்கள் அவரோடு” என்று ஒருவரைக் கைகாட்டினார்கள். அவர் மடியில் குழந்தை மாதிரி ஒரு பெரிய கேமரா. இரண்டாவது டைவில் பாறை இடுக்கில் ஒரு டோட்ஃபிஷ். தலையெல்லாம் வரி வரியாகக் கோடு, துடுப்போரம் பளிச்சென்று மஞ்சள். அந்தத் தீவுக்கே உரிய மீன் என்று அதை அங்கே கொண்டாடுவார்கள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஓட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் வழிகாட்டியும் இல்லை, மற்றவர்களும் இல்லை. உதைத்த உதையில் என் சிலிண்டர் காற்றின் அழுத்தம் 50 பாருக்கு வந்துவிட்டது, அதாவது மேலே கிளம்ப வேண்டிய அளவு. அவர் தோளைத் தட்டி, கட்டைவிரலை மேலே காட்டி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று மேலே வந்தோம். அலைதான் இருந்தது, படகு இல்லை. பையில் சுருட்டி வைத்திருந்த ஆரஞ்சு மிதவையை ஊதி நிறுத்தினேன். கால் மணி நேரம் கழித்துப் படகு வந்தது. யாரும் பதறியதாகத் தெரியவில்லை, பழச்சாறு வேண்டுமா என்றார்கள். அன்றிரவே அவர் படத்தை அனுப்பினார். அருமையாக வந்திருந்தது, அதுதான் எரிச்சல்.

அடுத்த வருடம் பொனேர். வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் டச்சுத் தீவு. ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் புயல் பருவம். இந்தத் தீவு வழக்கமான புயல் பாதைக்கு வெளியே இருப்பதால் அக்டோபரில் துணிந்து விடுப்பு எடுத்தேன். 1979 முதலே சுற்றுக் கடல் முழுக்கக் கடல் பூங்கா. சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே இறங்கிவிடலாம். தனியாளுக்கு இது ஒத்துவராது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். படகும் இல்லை, வழிகாட்டியும் இல்லை, யாரோடு இறங்குவது?

முன்பதிவுக்கு முன் இரண்டு கடைகளுக்கு ஒரே கேள்வியை எழுதினேன்: தனியாக வருகிறேன், என்னை யாரோடு சேர்ப்பீர்கள்? ஒன்றிலிருந்து, “கவலை வேண்டாம், யாராவது கிடைப்பார்கள்” என்று பதில். மற்றதில் எனக்கு எத்தனை டைவ் அனுபவம், காற்று சீக்கிரம் தீருமா, இரவில் முங்கியதுண்டா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் தனியாக வருகிறார்கள் என்றும் எழுதினார்கள். விலை அதிகம்தான், ஆனாலும் அங்கேயே போட்டேன். பொனேரில் முதல் நாள் பழகு டைவ் கட்டாயம். தனியாட்கள் மூவரையும் அதில் ஒன்றாக இறக்கினார்கள்.

அப்படிக் கிடைத்தவர், ஓய்வுபெற்ற டச்சு நர்ஸ் ஒருவர். அறுபது தாண்டியவர், என் காற்றில் பாதிகூட அவருக்குச் செலவாகாது. மூன்றாம் நாளிலிருந்து பிக்கப் வாடகையையும் பாதிப் பாதியாக்கிக்கொண்டோம். வண்டியில் எதையும் விட்டுவிட்டுப் போகாதே, கண்ணாடியைக்கூட ஏற்றாதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பூட்டியிருந்தால் உடைத்துப் பார்ப்பார்களாம். ‘ஆயிரம் படி’ என்றொரு இடம் உண்டு. எண்ணினால் நூறுகூட வராது, சிலிண்டரோடு திரும்பி ஏறும்போதுதான் பெயர்க் காரணம் புரியும்.

தேதியை மட்டும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறித்தேன், சிரிக்காதீர்கள். பௌர்ணமி கழிந்து இரண்டு மூன்று நாளில் நிலா தாமதமாக எழும். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் போல ஆனதும் கடல் கும்மிருட்டாக இருக்கும். அந்த இருட்டில் ஆஸ்ட்ரகாட் என்ற எள்ளளவு உயிரி பெண்ணை அழைக்க ஒளி விடும். மென்பவளங்கள் பக்கம் போய் இருவரும் டார்ச்சை அணைத்தோம். முதலில் ஒன்றுமே இல்லை, என் மூச்சுச் சத்தம்தான். அப்புறம் நீலமாக ஒரு புள்ளி, அதற்கு மேலே இன்னொன்று, இன்னொன்று. யாரோ இருட்டில் முத்துக் கோக்கிற மாதிரி சரம் சரமாக ஏறியது. அந்த அம்மா என் முழங்கையை விடவே இல்லை. எனக்கும் விடச்சொல்லத் தோன்றவில்லை. திரும்பும்போது டார்ச்சைப் போட்டதும் ஆளுயர டார்ப்பன் மீன் ஒன்று காதோரமாகச் சீறிப் போனது. நம் வெளிச்சத்தில் அது வேட்டையாடுகிறது. வாயில் கவ்வியிருந்த ரெகுலேட்டருக்குள்ளேயே (மூச்சுக் கருவி) கத்திவிட்டேன்.

* * *

அக்கா, நான் டொராண்டோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்துப் பெடியன். நீங்கள் சொன்ன இடங்களுக்குப் போக என்னிடம் காசு இல்லை. ஹொண்டுராஸில் யூட்டிலாத் தீவுக்குப் போனேன். டைவ் படிக்கப் பலரும் தேடிப் போகிற மலிவான இடம். 18 மீட்டர் ஆழம் வரை முங்குவதற்கான சான்றிதழ் வகுப்பில் மூன்று நாலு நாள் ஒன்றாகக் கிடந்தால் துணைக்கு ஆள் தேடவே வேண்டாம். திமிங்கிலச் சுறா வரும் என்று ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்தபடி இருந்தேன், வரவில்லை. மணல் ஈதான் வந்தது. இரண்டு கிழமை காலைச் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

* * *

நான் இன்னொரு வாசகர். பெலீஸில் படகிலேயே தங்கி ஒரு வாரம் முங்கினேன். தனியாளுக்கு முழு அறை என்றால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு, அதனால் பகிர்வு அறை எடுத்தேன். அறைத் தோழரின் குறட்டையில் கட்டில் அதிர்ந்தது. அங்கே கடலுக்குள் இருக்கும் வட்டக் குழியான நீலத் துளை 120 மீட்டருக்கு மேல் ஆழம். சுண்ணாம்புத் தொங்கல்களைப் பார்க்க 40 மீட்டர் வரை இறங்க வேண்டும், அங்கே சில நிமிடம்தான் நிற்க முடியும். புதியவர்கள் அதற்காகவே டிக்கெட் போட வேண்டாம். சரி அக்கா, அந்த டோட்ஃபிஷ் படத்தைப் போடுங்களேன்.

* * *

தம்பி, காலுக்கு இப்போது பரவாயில்லையா?

படத்தைப் போட மாட்டேன். அது அவருடையது. கேட்டால் மறுபடி கொசுமெலுக்குக் கூப்பிடுவார்.