வீடியோ ஹேஷ் வேல்யூ மேட்ச் ஆகல, பிரிவு 63 சர்டிபிகேட் ஏற்கனவே போட்டாச்சு, வாய்தாக்கு 9 நாள்தான் இருக்கு, உதவி பண்ணுங்க

முன்சீப் கோர்ட் ஜூனியர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது, முழுக்க சிவில் சைடு. நிரந்தர உறுத்துக்கட்டளை (பிரதிவாதி தலையிடக் கூடாதுன்னு கோர்ட் போடற தடை) கேட்டு ஒரு சூட், 2025 பிப்ரவரில ஃபைல் பண்ணோம், நாங்க வாதி தரப்பு. பிரதிவாதி ஆளுங்கள கூட்டிட்டு வந்து கம்பி வேலிய வெட்டி கல்லெல்லாம் புடுங்கி போடுறத கிளையன்ட்டோட பையன் போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்காரு, மூணு நிமிஷம் ஓடும். கேஸே அத வச்சுதான் நிக்குது.

பையன் அத அப்பாக்கு வாட்ஸ்அப்ல அனுப்ப, அப்பா எனக்கு ஃபார்வர்ட் பண்ண, நான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல ஏத்தி பிளெயின்ட்டோட (வழக்கு மனு) சேத்து போட்டேன். எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு குடுக்கற பிரிவு 63 சர்டிபிகேட் டைப் பண்ற அன்னிக்கு பையன் ஆபீஸ்ல இருந்தாரு, அவர் போன்லயே ஒரு ஆப் போட்டு ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து சொன்னாரு, அதயே எழுதிட்டேன். பார்ட் ஏ-ல அப்பா, அதாவது வாதி, கையெழுத்து போட்டாரு. எக்ஸ்பர்ட் கையெழுத்து போடற பார்ட் பி-ல எங்களுக்கு டைப்பிங் பண்ற கம்ப்யூட்டர் சென்டர்காரர் போட்டாரு.

போன வாய்தால பி.டபிள்யூ.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) ப்ரூஃப் அஃபிடவிட் போட்டு, வீடியோவ ஆதாரமா மார்க் பண்ணும்போது எதிர் வக்கீல் பென்டிரைவ லேப்டாப்ல சொருகி அங்கயே ஹேஷ் எடுத்து காட்டிட்டாரு, ஒரு எழுத்து கூட ஒத்து போகல. ஃபைல் பேர்லயே டபிள்யூஏ-ன்னு வருது, இது வாட்ஸ்அப் காப்பி, எடிட் பண்ணிருக்காங்கன்னு அப்ஜெக்ஷன். நீதிபதி மார்க் பண்ணாம, பதில் சொல்லுங்கன்னு வாய்தா போட்டுட்டாங்க. நாங்க சத்தியமா எதையும் எடிட் பண்ணல, அப்புறம் ஏன் மாறுது? சீனியர் உடம்பு முடியாம இருக்காங்க, என்ன நம்பி விட்ட கேஸ், ரெண்டு நாளா தூக்கமே இல்ல. கூட இருக்கற ஒருத்தர், பேசாம ஒரிஜினல ஏத்தி பென்டிரைவ மாத்தி வச்சிடுன்னு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல.

கிரிமினல் சைடு:

மொதல்ல கடைசி விஷயம். பென்டிரைவ மாத்துறத கனவுல கூட நினைக்காதீங்க மேடம். கோர்ட் கஸ்டடில இருக்கற மெட்டீரியல்ல கைய வச்சா கேஸ் போறது இருக்கட்டும், உங்க என்ரோல்மென்ட்டே போயிடும். இப்ப உங்க கைல இருக்கறது ஒரு டெக்னிக்கல் தப்பு, அத சரி பண்ண வழி இருக்கு. அத மட்டும் செஞ்சா அப்புறம் சரி பண்ணவே முடியாது.

இன்னொன்னு, பழைய எவிடன்ஸ் ஆக்ட் 65பி சர்டிபிகேட்ல எக்ஸ்பர்ட் கையெழுத்தே கிடையாதே, அந்த ஃபார்மட்ல போட்டிருக்கலாமே?

சிவில் சீனியர்:

போட்டிருக்க முடியாது சார். எவிடன்ஸ் ஆக்ட்டுக்கு பதிலா பாரதிய சாக்ஷிய அதினியம் 1.7.2024-ல அமலுக்கு வந்துச்சு. பிரிவு 170 அன்னிக்கு நிலுவைல இருந்த வழக்குக்குத்தான் பழைய எவிடன்ஸ் ஆக்ட்ட காப்பாத்தி வச்சிருக்கு. இவங்க சூட் 2025, அதனால புது சட்டத்தோட 63(4)தான், ஷெட்யூல்ல இருக்கற பார்ட் ஏ, பார்ட் பி ரெண்டும் வேணும். இத நிறைய பேர் இன்னும் குழப்பிக்கறாங்க, 2022, 2023 சூட்ல உக்காந்து பார்ட் பி-க்கு ஆள் தேடிட்டு இருக்கறவங்களயும் பாத்திருக்கேன். ஃபைலிங் தேதிய பாத்துட்டு ஃபார்மட்ட எடுங்க.

அம்மா, உங்க பிரச்சன ஹேஷ் மட்டும் இல்ல. வீடியோ எடுத்தது பையன், போன் பையனோடது, சர்டிபிகேட்ல கையெழுத்து அப்பா. பார்ட் ஏ யார் போடணும்? அந்த சாதனத்த கையாள்ற ஆள். ஹேஷ் ஒத்துப் போயிருந்தா கூட குறுக்கு விசாரணைல முதல் கேள்வி "இந்த போன் உங்களுதா"ன்னுதான் வரும், அப்பா இல்லன்னு சொல்லுவாரு, அங்கயே முடிஞ்சிடும். எதிர் வக்கீல் இப்பவே அப்ஜெக்ஷன் எடுத்தது உங்களுக்கு நல்லதுன்னு எடுத்துக்கோங்க, ஆர்க்யுமென்ட்ல வந்து சொல்லியிருந்தா நேரமே இருந்திருக்காது.

சைபர் பக்கம்:

ஹேஷ் ஏன் மாறுச்சுன்னு நான் சொல்றேன். வீடியோவ வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா அது சைஸ் குறைக்க புதுசா என்கோட் பண்ணும். பாக்க அதே வீடியோதான், ஆனா உள்ள இருக்கற பைட் எல்லாம் வேற, எடுத்த தேதி மாதிரி மெட்டாடேட்டாவும் போயிடும். ஹேஷ்ங்கறது பைட்ட வச்சு போடறது, ஒரே ஒரு பைட் மாறுனாலே மொத்த எண்ணும் மாறிடும். நீங்க எடிட் பண்ணலங்கறது உண்மை, ஃபைல் மாறிருக்குங்கறதும் உண்மை. பையன் போன்ல இருக்கறதோட சைஸ் என்ன, பென்டிரைவ்ல இருக்கறதோட சைஸ் என்னன்னு பாத்து சொல்லுங்களேன்.

பேர் மாத்துனா ஹேஷ் மாறாது, காப்பி பேஸ்ட் பண்ணா மாறாது, ப்ளே பண்ணி பாத்தாலும் மாறாது. ட்ரிம் பண்ணி, ரொட்டேட் பண்ணி சேவ் பண்ணா மாறும். வாட்ஸ்அப்ல அனுப்பியே ஆகணும்னா டாக்குமென்ட்னு அட்டாச் பண்ணி அனுப்பணும், அப்ப கம்ப்ரெஸ் ஆகாது. ஆனா கோர்ட்டுக்கு போற விஷயத்துக்கு டேட்டா கேபிள்தான், வேற எதுவும் வேணாம். ஐபோனா இருந்தா செட்டிங்ஸ்ல ஃபோட்டோஸ் உள்ள போய் ஒரிஜினல அப்படியே வைன்னு இருக்கற ஆப்ஷன மாத்திட்டு கேபிள் போடுங்க, இல்லன்னா விண்டோஸுக்கு போகும்போது அதுவே ஃபார்மட்ட மாத்தி அனுப்பும், திரும்ப இதே கதைதான்.

முன்சீப் கோர்ட் ஜூனியர்:

ரொம்ப நன்றி சார். பையன்கிட்ட கேட்டேன், ஆண்ட்ராய்டு போன்தான். போன்ல இருக்கறது 387 எம்.பி., பென்டிரைவ்ல இருக்கறது 14 எம்.பி.! இத நான் அன்னிக்கே பாத்திருக்கணும். இன்னொரு பயம், ஸ்டோரேஜ் ஃபுல், எக்ஸ்சேஞ்ச்ல புது போன் வாங்க போறேன்னு சொல்றாரு.

அதே புது சட்டத்துல பிரிவு 57-ல எலக்ட்ரானிக் ரெக்கார்டே பிரைமரி எவிடன்ஸ் (முதல்நிலை சாட்சியம்)னு இருக்கே, அத வச்சு சர்டிபிகேட் இல்லாமயே மார்க் பண்ண முடியாதா?

சைபர் பக்கம்:

போன மாத்த விடாதீங்க, இன்னிக்கே போன் போட்டு சொல்லுங்க. ரீசெட்டும் வேணாம், அந்த வீடியோவ கேலரில தொடக்கூட வேணாம். ஸ்டோரேஜ் வேணும்னா மத்த படத்த எடுத்து வேற எடத்துல வைக்க சொல்லுங்க. அந்த போன் போச்சுன்னா உங்க கேஸ்ல மிச்சம் இருக்கறது அந்த 14 எம்.பி. காப்பி மட்டும்தான்.

சிவில் சீனியர்:

57-ஓட அஞ்சாவது விளக்கத்த முழுசா படிங்கம்மா. முறையான கஸ்டடில இருந்து வந்தா பிரைமரி எவிடன்ஸ், ஆனா ஆட்சேபிக்கப்படாத வரைக்கும்தான்னு இருக்கு. உங்க கேஸ்ல ஏற்கனவே ஆட்சேபிச்சாச்சு. அத நம்பி நிக்காதீங்க.

2020-ல அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் தீர்ப்புல மூணு நீதிபதி பெஞ்ச் ரெண்டு விஷயம் தெளிவா சொல்லுது. ஒண்ணு, ஒரிஜினல் சாதனத்தையே கொண்டு வந்து, அதோட சொந்தக்காரர் கூண்டுல ஏறி இது என் போன், நான்தான் இயக்குறேன், இதுலதான் பதிவாச்சுன்னு நிரூபிச்சா சர்டிபிகேட் தேவையில்ல. ரெண்டு, விசாரணை முடியாத வரைக்கும் சர்டிபிகேட்ட எந்த கட்டத்துலயும் கொண்டு வரச்சொல்லி கோர்ட் உத்தரவிடலாம். அது 65பி மேல வந்த தீர்ப்பு, 63-ல வார்த்தை கொஞ்சம் மாறியிருக்கு, அதனால என் யோசனை ரெண்டையும் சேத்து பண்றது, போனையும் கொண்டு போங்க, சர்டிபிகேட்டும் புதுசா போடுங்க.

செய்ய வேண்டியத சொல்றேன். சிவில் ப்ரொசீஜர் கோட்ல ஆர்டர் 7 ரூல் 14(3), கூட பிரிவு 151 போட்டு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு), புது பென்டிரைவையும் புது சர்டிபிகேட்டையும் ஏத்துக்க அனுமதி கேட்டு. சாட்சி பட்டியல்ல பையன் பேர் இல்லன்னா ஆர்டர் 16 ரூல் 1(3)-ல இன்னொண்ணு. அஃபிடவிட்ல நடந்தத நடந்தபடி எழுதணும்: போன்ல இருந்த ஒரிஜினலுக்கு ஹேஷ் எடுத்தோம், பென்டிரைவ்ல தவறுதலா வாட்ஸ்அப் மூலமா வந்த காப்பி ஏறிடுச்சு, உள்ளடக்கம் ஒண்ணுதான், சைஸ் இது, பேர் இது. பழைய பென்டிரைவ வாபஸ் கேக்காதீங்க, அது ரெக்கார்ட்லயே இருக்கட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டி பாக்க கோர்ட்டுக்கு வசதியா இருக்கும், மறைக்க எதுவும் இல்லன்னும் தெரியும். பழைய சர்டிபிகேட்ல இருக்கற ஹேஷ் ஒரிஜினலோட ஒத்துப் போனா அதுவே உங்களுக்கு பெரிய பலம், ஃபைலிங் தேதிக்கு அப்புறம் யாரும் கை வைக்கலங்கறதுக்கு அந்த எண்ணே ஆதாரம்.

சாட்சியத்த மறுபடி திறக்கற நிலம வந்தா கே.கே.வேலுசாமி எதிர் பழனிசாமி, 2011, எடுத்து வச்சுக்கோங்க. நம்ம தமிழ்நாட்டு கேஸ்தான், அதுலயும் பிரச்சன போன் பேச்சு பதிவான சி.டி. ஆர்டர் 18 ரூல் 17 விட்டுப்போனத நிரப்பறதுக்கு இல்லன்னு சொல்லிட்டு, நியாயம் கேட்டா 151-ல திறக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. உங்களுக்கு பி.டபிள்யூ.1 சீஃப்லயே (முதல் விசாரணைலயே) நிக்கறதால அந்த அளவுக்கு போகாதுன்னு நினைக்கறேன்.

இன்னொரு வக்கீல்:

இத யாரும் சொல்லலயேன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். பென்டிரைவ்ல ஏத்துனது நீங்க. வாட்ஸ்அப்ல வாங்குனது உங்க போன். அப்ப எதிர் தரப்பு உங்களயே சாட்சியா கூப்பிடணும்னு கேட்டா? பார் கவுன்சில் ரூல்ஸ்ல தொழில் ஒழுக்கத்துல 13-வது ரூல் இருக்கு, தான் சாட்சியாவோம்னு தெரிஞ்ச கேஸ்ல வக்கீல் ஆஜராகக் கூடாது. அதனால இந்த தடவ நீங்க போனயும் தொடாதீங்க, பென்டிரைவயும் தொடாதீங்க. பையன் கேபிள் போடட்டும், பையன் காப்பி பண்ணட்டும், பார்ட் பி போடறவர் பக்கத்துல இருந்து ஹேஷ் எடுக்கட்டும். நீங்க தள்ளி உக்காந்து பாத்தா போதும். கிளையன்ட் மேல இருக்கற பாசத்துல நாம எல்லாத்தையும் நாமே செஞ்சு குடுத்துடறோம், அதுதான் கடைசில நம்ம கழுத்துக்கு வருது.

முன்சீப் கோர்ட் ஜூனியர்:

நிஜமாவே இத நான் யோசிக்கல சார். பார்ட் பி-க்கு அதே கம்ப்யூட்டர் சென்டர்காரர் போதுமா? பாவம் அவர் கோர்ட்டுனாலே பயப்படறாரு.

சைபர் பக்கம்:

63-ல எக்ஸ்பர்ட்னா யாருன்னு விளக்கம் இல்ல. பிரிவு 39(2) ஐ.டி. ஆக்ட் 79ஏ-ல அறிவிக்கப்பட்ட எலக்ட்ரானிக் எவிடன்ஸ் எக்ஸாமினர சொல்லுது, அவங்கதான் வேணும்னு எதிர் தரப்பு வாதாடலாம். எப்படி இருந்தாலும் பயப்படறவர் வேணாம். கம்ப்யூட்டர் சம்பந்தமா படிச்சு தகுதி இருக்கற, கூப்பிட்டா கூண்டுல ஏறி ஹேஷ்னா என்னன்னு அஞ்சு நிமிஷம் விளக்கமா பேசக்கூடிய ஒருத்தர பிடிங்க. படிப்பு, அனுபவம் ரெண்டையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

ஹேஷ் எடுக்க ஆப் எதுவும் இறக்க வேணாம், விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு ஒரு கட்டளை இருக்கு. கடைசில எஸ்எச்ஏ256-ன்னு கண்டிப்பா போடணும், போடலன்னா அது பாட்டுக்கு எஸ்எச்ஏ1 குடுக்கும். எண்ணி பாருங்க, எஸ்எச்ஏ256-ன்னா 64 எழுத்து இருக்கணும். 40 இருந்தா எஸ்எச்ஏ1, 32 இருந்தா எம்டி5. ஃபார்ம்ல மூணுக்கும் கட்டம் இருக்கு, ஆனா எம்டி5, எஸ்எச்ஏ1 ரெண்டுலயும் வேற வேற ஃபைலுக்கு ஒரே ஹேஷ் வரவைக்க முடியும்னு நிரூபிச்சாச்சு, அதனால 256 போட்டுடுங்க. கையால டைப் பண்ணாம காப்பி பண்ணி ஒட்டுங்க, ஹேஷ் ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்து கூடவே இணைக்கணும். சர்டிபிகேட்ல எழுத வேண்டிய ஐ.எம்.இ.ஐ. நம்பர் (போனோட அடையாள எண்) *#06# போட்டா வரும், பெட்டில இருக்கறத நம்பாதீங்க.

முன்சீப் கோர்ட் ஜூனியர் (பத்து நாள் கழிச்சு):

அப்டேட். பையன் லீவு போட்டு போனோட வந்தாரு. இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கற ஒருத்தர் பார்ட் பி-க்கு ஒத்துக்கிட்டாரு. சார் சொன்ன மாதிரி நான் கைய கட்டிட்டு ஓரமா உக்காந்திருந்தேன். பையன் கேபிள் போட்டு காப்பி பண்ணாரு, அவர் கட்டளைய போட்டாரு, திரைல வந்த எண்ண அவர் நாலு நாலு எழுத்தா படிக்க, நான் பழைய சர்டிபிகேட்ல பென்சில் வச்சு டிக் பண்ணிட்டே வந்தேன். 64 எழுத்தும் ஒத்துப் போச்சு. கடைசி நாலு வரும்போது கை நடுங்குச்சு.

சீனியர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், திட்டுவாங்கன்னு நினைச்சேன், அஃபிடவிட்ட படுத்துக்கிட்டே படிச்சு ரெண்டு வரி திருத்தி குடுத்தாங்க. ரெண்டு ஐ.ஏ.-வும் நம்பர் ஆயிடுச்சு, வாய்தா அன்னிக்கு நீதிபதி எதிர் தரப்பு கவுன்ட்டருக்கு (பதில் மனுவுக்கு) டைம் குடுத்திருக்காங்க. போன் கவர்ல போட்டு பையன்கிட்டயே இருக்கு, கூப்பிட்டா கொண்டு வரணும்.

ஒரே ஒரு சந்தேகம், ஐ.ஏ. அலவ் ஆச்சுன்னா பையன பி.டபிள்யூ.2-வா ஏத்தும்போது வீடியோவ கோர்ட்ல ஓட்டிக் காட்டணும்னு தனியா மெமோ போடணுமா?

சிவில் சீனியர்:

போடுங்கம்மா, ஒரு பக்க மெமோ போதும். லேப்டாப்பும் ஸ்பீக்கரும் நீங்களே கொண்டு போங்க. முந்தின நாள் பெஞ்ச் கிளார்க்க பாத்து ப்ளக் பாயின்ட் வேலை செய்யுதான்னும் பாத்துக்கோங்க. ஓட்டறதுக்கு இன்னொரு காப்பி வச்சுக்கோங்க, மார்க் ஆகப்போற பென்டிரைவ திரும்ப திரும்ப சொருக வேணாம்.