ராத்திரித் தண்ணீரும் காலைச் சர்க்கரையும்

தம்பி: அப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 172. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.1 சதவீதம்.

அப்பா: மிஷின் கோளாறாக இருக்கும். விடிந்தால் அடைந்தால் வயலில் கிடக்கிறவனுக்கு எப்படி ஏறும்?

சித்தப்பா: அதானே. மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு வாக்கிங் எதற்கு அண்ணே?

அக்கா: ஒருநாள் சோதனை என்றால் மிஷின்மேல் பழி போடலாம் அப்பா. அந்த 8.1, சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் அளவு. முதல்நாள் பட்டினி கிடந்தாலும் இறங்காது. பொதுவாக 7-க்குள் வரப் பார்ப்பார்கள். வயல் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அறுவடை மாதம் வேறு, மற்ற மாதம் வேறு. இப்போது என்ன வேலை நடக்கிறது?

அம்மா: மோட்டாரைப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்கிற வேலை.

அக்கா: அப்படிப்பட்ட மாதத்தில்தான் நடை வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம். சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது. சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிடம் நடந்தால்கூடச் சர்க்கரை அவ்வளவாக ஏறாது.

அத்தை: அண்ணன் இனிப்பையே தொடுவதில்லையே கண்ணு?

அக்கா: மாவுச்சத்தும் கடைசியில் சர்க்கரைதான் அத்தை. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சம்தான் தானியம். காயை முதலில் சாப்பிட்டுவிட்டால் இன்னும் நல்லது. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் அம்மா?

அம்மா: அதை ஏன் கேட்கிறாய். தண்ணீர் பாய்ச்சுகிற நாளில் பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். பகலில் அரை வயிறு, அதற்கும் சேர்த்து ராத்திரி. சாப்பிட்ட கையோடு படுக்கை. மூன்று மணிக்கு மடை மாற்ற மறுபடியும் கிளம்பிவிடுவார்.

அப்பா: தண்ணீர் என் தூக்கத்தைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அக்கா: சிக்கலே அந்த ராத்திரியில்தான் அப்பா. நாம் தூங்கும்போது கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். விடியற்காலையில் சுரக்கிற ஹார்மோன்கள் அதை இன்னும் தூண்டும். அடக்க வேண்டியது இன்சுலின். தூக்கம் நாலு மணி நேரமாகச் சுருங்கினால் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது. இதில் நடுராத்திரிச் சாப்பாடு வேறு. 7 மணி நேரமாவது தூங்க வேண்டும்.

சித்தப்பா: படுத்தாலும் நாலு தடவை எழுந்து வெளியே போகிறாரே.

அக்கா: சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் சர்க்கரை ஏறுகிறது. குறட்டை உண்டா அம்மா?

அம்மா: பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நடுவில் மூச்சே நின்ற மாதிரி இருக்கும், அப்புறம் திணறிக்கொண்டு எழுவார்.

அக்கா: அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களிடம் இப்படித் தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது அதிகம். அதற்குத் தனி வைத்தியமே இருக்கிறது.

அத்தை: போன வாரம் வயலில் கை நடுங்கி, வியர்த்து உட்கார்ந்துவிட்டாராமே. அதுவும் இதுதானா?

அப்பா: அது வெயில்.

அம்மா: ஆறு மணிக்கு ஏது வெயில்? மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

அக்கா: அப்பா! இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? அது சர்க்கரை இறங்கிப்போனது. நீங்கள் போடுகிற கிளிமிபிரைடு மாத்திரை உங்கள் வயிறு காலியா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். மண்வெட்டி வேலை இருக்கிற சர்க்கரையையும் இழுத்துக்கொள்ளும். சாப்பிடாமல் அந்த மாத்திரை வேண்டாம். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் 15 கிராம், அதாவது மூன்று நாலு டீஸ்பூன். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

அத்தை: சர்க்கரைக்காரர் பையில் சர்க்கரையா! நல்ல கூத்து.

அக்கா: வெறுங்காலோடு வரப்பில் இறங்குவதும் வேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் குத்தினால் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தை ஒருமுறை பாருங்கள்.

சித்தப்பா: ராத்திரி மடையை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே. எனக்குத்தான் சர்க்கரை இல்லையே.

அக்கா: எப்போது சோதித்தீர்கள் சித்தப்பா?

சித்தப்பா: சோதித்தது இல்லை.

அக்கா: சரி, அப்பாவோடு நீங்களும் வாருங்கள்.

தம்பி: வாரக்கடைசி ராத்திரிகளுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அப்பா: எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன், போதுமா? மாத்திரையையும் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளவா?

அக்கா: நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். டாக்டர் சொல்லட்டும்.

அப்பா: அப்படியென்றால் நீயும் வந்து பேசு. குறட்டைக் கதையெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

அம்மா: மறக்காது. மறைப்பார்.