கே562 செல்களைக் கொல்வது குர்குமின்தானா?

வேர்த்துளி:
மஞ்சளிலுள்ள குர்குமினை 20 மைக்ரோமோலார் செறிவில் சேர்த்து 48 மணி நேரம் வைத்தால், ஆய்வகத்தில் வளர்க்கும் கே562 என்ற ரத்தப்புற்றுச் செல்களில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. இதை வெறும் மஞ்சள் வைத்தியம் என்று ஒதுக்குவது தவறு. நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கு இன்றும் அதுதான் அடிப்படை மருந்துகளில் ஒன்று.

குழித்தட்டு:
வின்கிரிஸ்டினை இதோடு சேர்க்காதீர்கள். அது நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலேயே டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துச் செல்பிரிவை நிறுத்திவிடும். குர்குமினோ, சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) இல்லாத பிஎச் 7.2 கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்துக்குள் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் செல்லைத் தொட்டது எது? தினமும் 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூட உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை.

வேர்த்துளி:
கே562-வை யாரும் சீரம் இல்லாமல் வளர்ப்பதில்லையே. 10 சதவீத சீரத்தில் 8 மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி மிஞ்சும். உயிருள்ள செல்கள் சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் எம்டிடி சோதனையின் பிழையும் என் பக்கம்தான் பேசுகிறது: குர்குமின் தானே சாயத்தை ஊதாவாக்குவதால் செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வருகிறது.

குழித்தட்டு:
எம்டிடியில் சரி. சாகும் செல்லில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் அனெக்சின்-எஃப்ஐடிசி சோதனையில் பிழை எதிர்ப்பக்கம் சாயும். 488 நானோமீட்டர் லேசர் பட்டால் குர்குமினே பச்சையாக ஒளிரும். அதை உறிஞ்சிய நல்ல செல்லும் வரைபடத்தின் அப்போப்டோசிஸ் (செல் தானே சாவது) கட்டத்தில் போய் உட்காரும். சாயமே சேர்க்காமல் குர்குமின் மட்டும் போட்ட குழாய் இல்லாத வரைபடத்தை நம்பமாட்டேன். அந்தக் குழாயில் பச்சை ஏறினால், சிவப்பு லேசரில் ஒளிரும் சாயம் சேர்ந்த அனெக்சினுக்கு மாறுங்கள்.

நுண்குழல்:
இருவரும் கரைப்பானை விட்டுவிட்டீர்கள். 3.68 மில்லிகிராம் குர்குமினை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 2 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் ஊடகத்தில் விட்டால் 20 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.2 சதவீதம். மருந்து போடாத குழிக்கும் அதே 0.2 போக வேண்டும். எச்எல்-60 என்ற வேறுவகை ரத்தப்புற்றுச் செல்களை நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளணு) போல மாற்றவே 1.25 சதவீத டிஎம்எஸ்ஓ போடுகிறார்கள். அந்தப் பக்கம் நெருங்கினால் கரைப்பான் நிறுத்திய வளர்ச்சி மூலிகையின் கணக்கில் ஏறும். இன்னொன்று, இவை மிதக்கும் செல்கள். எம்டிடிக்குப் பிறகு ஊடகத்தை உறிஞ்சி எடுத்தால் ஊதாப் படிகமும் கூடவே போய்விடும். உறிஞ்சாமல், 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 10 சதவீத எஸ்டிஎஸ் (படிகத்தைக் கரைக்கும் சோப்புப்பொருள்) ஊற்றி இரவு முழுக்க விடுங்கள்.

வேர்த்துளி:
ரத்தத்தில் அந்த அளவு எட்டாது என்பதை ஏற்கிறேன். அதற்காக மூலக்கூறையே தூக்கிப் போடுவதா? செடியிலிருந்து எடுத்த போடோஃபில்லோடாக்சினின் நச்சுத்தன்மையால் அதை அப்படியே உடலுக்குள் செலுத்த முடியவில்லை. வடிவத்தை மாற்றியதும் எட்டோபோசைடு என்ற புற்றுமருந்து கிடைத்தது. இலக்குகூட டியூபுலினிலிருந்து டிஎன்ஏ முறுக்கைச் சரிசெய்யும் டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதிக்கு மாறிவிட்டது.

குழித்தட்டு:
அப்படியென்றால் மாற்றிய மூலக்கூறோடு வாருங்கள், பேசுவோம். கூடவே நலமான எலும்புமஜ்ஜையின் சிடி34 செல்கள் (ரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்கள்) அதே அளவில் காலனி கட்டுவதையும் காட்டுங்கள். ரத்தத்திலிருந்து எடுத்த லிம்போசைட் பிழைத்தது என்பது போதாது. அது பிரியாமல் சும்மா இருக்கும் செல்.