கொலை வழக்கின் முதல் எதிரி பிரான்ஸில் இருக்கிறார். அவரைக் கொண்டுவர வழி உண்டா?

கெடிலக்கரை:
வணக்கம். 2024 டிசம்பரில் நிலத் தகராறில் என் தாய்மாமாவை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். இருவர் சிறையில் இருக்கிறார்கள். முதல் எதிரியோ, அதாவது வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவரோ, லுக் அவுட் நோட்டீஸ் வருவதற்குள் சென்னையில் விமானம் ஏறிவிட்டார். புதுச்சேரியின் பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவர் என்கிறார்கள். வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்ற வராந்தாவில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார்கள்; என் அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டையே பார்த்து நிற்கிறார். பிரான்ஸ் தன் குடிமக்களை ஒப்படைக்காது என்பது உண்மையா? நேரில் பார்த்த ஒரே சாட்சி, எங்கள் மோட்டார் கொட்டகையில் காவலுக்குப் படுத்திருந்த பெரியவர், எழுபதைத் தாண்டியவர்.

புதுவை வழக்கறிஞர்:
சகோதரி, உண்மைதான். 2003இல் கையெழுத்தான இந்திய-பிரான்ஸ் ஒப்பந்தமும் அந்நாட்டுச் சட்டமும் சொந்தக் குடிமக்களை ஒப்படைக்க இடம் தருவதில்லை. ஆனால் குற்றம் நடந்த நாளில் குடியுரிமை இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். பிறகு வாங்கிய பாஸ்போர்ட் அவரைக் காப்பாற்றாது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பமா, அல்லது கார்த் தெ செழூர் என்னும் வசிப்பு அட்டையை மட்டும் வைத்திருப்பவரா என்பதைப் புலனாய்வு அதிகாரி ஆவணத்தோடு உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் ஊர்ப்பேச்சில் இருவரையும் 'பிரெஞ்சுக்காரர்' என்றே சொல்லிவிடுகிறோம். குடிமகனே என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. தன் குடிமகன் வெளிநாட்டில் செய்த கொலையைப் பிரான்ஸே விசாரிக்க அதன் சட்டம் இடம் தருகிறது. வெளியுறவு அமைச்சகம் வழியாக, பிரேதப் பரிசோதனை அறிக்கை முதல் எல்லாவற்றையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அனுப்ப வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆய்வாளர்:
சிபிஐ வழியாக இன்டர்போலின் ரெட் கார்னர் நோட்டீஸையும், அதாவது தேடப்படுபவரைப் பற்றிப் பிற நாட்டுக் காவல்துறைகளுக்குப் போகும் அறிவிப்பையும், கேட்கச் சொல்லுங்கள். அது பிடியாணை ஆகாது. ஆயினும் நம்மோடு ஒப்பந்தம் உள்ள ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாட்டில் அவர் இறங்கினால் பிடிபட வாய்ப்புண்டு. அவர் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை என்று தெரியவந்தால், மரண தண்டனை கிடையாது என்ற உறுதிமொழியைப் பிரான்ஸ் கேட்கும். 1981லேயே அதை ஒழித்த நாடு அது. நமது 1962ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டத்தின் 34சி பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது.

புதுவை வழக்கறிஞர்:
எனக்கு அந்தப் பெரியவரைப் பற்றித்தான் கவலை. பிடிபட்ட இருவரின் விசாரணையில் அவர் சொல்லும் சாட்சியம், தானாகவே முதல் எதிரிக்கு எதிரான சாட்சியமாகிவிடாது. தலைமறைவானவரை உடனே கைது செய்ய வாய்ப்பில்லை என்பதை நிரூபித்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 335ஆம் பிரிவில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 299இல், அரசு வழக்கறிஞர் மனு போட வேண்டும். அப்படிப் பதிவான வாக்குமூலம், சாட்சி இறந்துவிட்டாலும் முதல் எதிரிக்கு எதிராக நிற்கும். பல ஆண்டுகள் கழித்து எதிரி கிடைத்து, சாட்சி இல்லாமல் விடுதலையான வழக்குகளைக் கண்டு நொந்தவன் நான். தள்ளிப்போடாதீர்கள்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி ஐயா. நேற்றே பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "தெம்பு இருக்கும்போதே கூப்பிடும்மா" என்றார். அவருடைய மருத்துவச் சான்றிதழையும் மனுவோடு சேர்க்கலாமா?

புதுவை வழக்கறிஞர்:
அவசியம் சேருங்கள். வயதுச் சான்றையும் சேர்த்து, திங்கட்கிழமையே அரசு வழக்கறிஞரைப் பாருங்கள்.